கழிவு மடலா, கெடுநாள் மடலா? தீபாவளிக்குக் கடைகள் அனுப்பும் மின்னஞ்சல்கள்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பினாங்கு லிட்டல் இந்தியாவில், தீபாவளிக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போதே தையற்கடைகளின் முகப்பில் ஓர் அட்டை தொங்கத் தொடங்கிவிடும்: ‘தீபாவளிக்கு இனித் துணி எடுப்பதில்லை’. அந்த அட்டை தொங்கிய பிறகு வந்து சேரும் ‘40 விழுக்காடு கழிவு’ (தள்ளுபடி) மடலைக் கொண்டு பட்டுப்புடவை விற்பது கடினம். ரவிக்கை தைக்க ஆள் கிடைக்காத புடவையைத் தீபாவளிக்கென்று வாங்க எவருக்கும் மனம் வராது. இங்குள்ள சில துணிக்கடைகளுக்கும் ஒரு மளிகைக் கடைக்கும் பண்டிகை மடல்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். கடைக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது எவ்வளவு கழிவு போடலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் மடல்களையும், வீட்டில் நடக்கும் ஏற்பாடுகளிலிருந்து தொடங்கும் மடல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் எல்லாரும் அறிந்த வகையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள், ஒன்பது நாள், எட்டு நாள் என்று இறங்குமுகமாக எண்ணி, நாளுக்கு ஒரு சலுகையை அறிவிப்பது அது. எழுதுவதற்கு எளிது, மலிவு விற்பனைக்குப் பழகிய கண்ணுக்கு உடனே புரியும், தேங்கிக் கிடக்கும் சரக்கை அகற்ற வேண்டிய கடைக்கு ஓரளவு உதவும். ஆனால் பத்து நாளில் பத்து மடல் பெறுபவர் பொறுமை இழந்து ‘ஸ்பேம்’ (வேண்டாத மடல்) பொத்தானை அழுத்தினால், அந்தச் சேதம் தீபாவளியோடு முடிவதில்லை. கூகுள் நிறுவனத்தார் ஜிமெயிலுக்கு 2024 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, அனுப்புநர் மீதான ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டாமல் இருக்க வேண்டும். ஆயிரம் மடலுக்கு மூன்று புகார் என்பது சிறு கடைக்கு மிக எளிதில் வந்துவிடக்கூடிய எண்ணிக்கை. அந்த எல்லையைத் தாண்டினால், அடுத்து வரும் பொங்கல் மடலும் குப்பைப் பெட்டிக்குள் போய் விழக்கூடும்.

சலுகை முடிய எஞ்சியுள்ள நேரத்தைக் காட்டி ஓடும் கடிகாரப் படத்தை மடலுக்குள் வைப்பதும் இவ்வகையில் வழக்கம். பெறுபவர் மடலைத் திறக்கும் நொடியில் படம் வழங்கியிலிருந்து (சர்வர்) இறங்கினால்தான் அந்தக் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டும். ஆப்பிள் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களின் கைப்பேசியில், மடல் திறக்கப்படுவதற்கு முன்பே படங்கள் இறக்கப்பட்டுவிடுகின்றன. காலையில் இறங்கிய கடிகாரத்தை இரவில் பார்ப்பவருக்கு, முடிந்துபோன சலுகைக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். அவர் கடைக்கு வந்து கேட்கும்போது கல்லாவில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதே காரணத்தால், எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற கணக்கையும் நான் நம்புவதில்லை. இணைப்பைச் சொடுக்கியவர்களையும், மடலில் இருந்த குறியீட்டைக் கடையில் சொன்னவர்களையும் மட்டுமே எண்ணுகிறேன்.

இதற்கு எதிராக நான் நிறுத்துவது கெடுநாள் மடல். எந்த நாளுக்குள் எதைச் செய்தால் தீபாவளிக்குக் கைக்கு வரும் என்பதை மட்டும் சொல்லும் மடல் இது. இதை எழுதப் பஞ்சாங்கத்தோடு சம்பள நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது. மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்குச் செப்டம்பர்ச் சம்பளமே கடைசி. துணி, பலகாரம், பட்டாசு, ஊருக்குப் போகும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர்ச் சம்பளமும் கைக்கு வந்துவிடும் என்பதால் கடைக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் தையற்காரர் அக்டோபர் நடுவிலேயே துணி எடுப்பதை நிறுத்திவிடுவார் என்றால், புடவை மட்டும் செப்டம்பர்ச் சம்பளத்தில்தான் வாங்கப்பட வேண்டும். ஆயத்த ஜிப்பா, பிள்ளைகளின் உடுப்பு, வளையல் ஆகியவை அக்டோபர்ச் சம்பளத்துக்குக் காத்திருக்கலாம். ஆகவே புடவை மடல் செப்டம்பர்க் கடைசியிலும், மற்றவற்றுக்கான மடல் அக்டோபர்க் கடைசியிலும் போக வேண்டும். ஒரே பண்டிகைக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு மடல். இடையில் வேறெதுவும் வேண்டியதில்லை.

தலைப்பு வரியிலும் இவ்விரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். ‘தீபாவளித் திருநாளை முன்னிட்டு மாபெரும் மலிவு விற்பனை’ என்று எழுதினால், கைப்பேசித் திரையில் ‘தீபாவளித் திருநாளை முன்னிட்டு’ என்பதோடு வரி அறுந்துபோகும். சொல்ல வந்த செய்தி திரைக்கு வெளியே நின்றுவிடும். ‘ரவிக்கை தைக்க அக்டோபர் 10 கடைசி’ என்பது முழுமையாகத் தெரியும், திறக்காமலே பயன் தரும். திறப்பவருக்கு உள்ளே தையற்காரர் எந்த நாள் அளவெடுப்பார், புடவைக்கு ஓரம் அடித்துத் தர எத்தனை நாள் ஆகும், சபா, சரவாக்கில் இருக்கும் உறவினருக்கு அஞ்சலில் அனுப்ப எந்த நாளுக்குள் கடைக்கு வர வேண்டும் என்ற மூன்று செய்திகளும், அவற்றுக்குக் கீழே ஆறு புடவைகளின் படங்களும் இருந்தால் போதுமானது.

கழிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கழிவு மடல் தீபாவளிக்கு முந்திய வாரத்தைவிட, தையற்காரர் ஓய்வாக இருக்கும் ஆகஸ்ட் மாதத்தில் போனால் கடைக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

அடுத்து வருவது பலகார மடல். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை ஆகியவற்றின் செய்முறையைப் பண்டிகை மடலாக அனுப்பும் யோசனை துணிக்கடைகளுக்கும் பிடித்துப்போய்விட்டது. படிக்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் புடவைக் கடையின் அதிரசச் செய்முறையைப் படித்தவர் மாவு இடிக்கப் போவாரே தவிர, புடவை பார்க்க வரமாட்டார். அதே செய்முறை மளிகைக் கடையிலிருந்து வந்தால், தேவையான பொருள்களின் பட்டியலே கடைச் சீட்டாகிவிடுகிறது: பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், எள், நெய். கீழே ‘இவற்றைக் கட்டி வைக்கவும், மாலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தால் மடல் தன் வேலையைச் செய்துவிடும். எப்போது அனுப்புவது என்பதையும் பலகாரமே சொல்லிவிடும். பாகில் கிளறிய அதிரச மாவு சில நாள் ஊற வேண்டும் என்பதால், அந்த மடல் இரண்டு வாரத்துக்கு முன்பே போக வேண்டும்.

அன்பளிப்பு மடலில் ‘50 வெள்ளிக்குக் கீழ்’, ‘100 வெள்ளிக்குக் கீழ்’ என்று விலையால் பிரிப்பது ஒரு வழி. அம்மாவுக்கு, மாமியாருக்கு, நாத்தனாருக்கு என்று உறவால் பிரிப்பது இன்னொரு வழி. நம் வீடுகளில் யாருக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் முதலில் பேசப்படும், விலை அதற்குப் பிறகுதான் வரும் என்பதால் உறவைத் தலைப்பாகவும் விலையைச் சிறு வரியாகவும் வைப்பதே பொருந்தும். கடந்த தீபாவளிக்குப் பிறகு கூறைப்புடவை எடுத்தவர்களுக்கு மட்டும் ‘உங்கள் வீட்டில் இவ்வாண்டு தலைதீபாவளியா?’ என்று ஒரு மடல் தனியாக அனுப்பலாம். நான் எழுதியவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு வரி அது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டு மடல் சேவைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ‘திவாலி’ வார்ப்புருக்களைவிட, கடை வாசலில் அன்று காலை போட்ட வண்ண அரிசிக் கோலத்தின் ஒரு படம் ஆயிரம் மடங்கு மேல். புள்ளி வைத்துக் கோலம் வளர்வதைக் காட்டும் அசையும் ஜிஃப் படம் வைக்க விரும்பினால், முதல் சட்டகத்திலேயே முடிந்த கோலத்தை வைத்துவிடுங்கள்; விண்டோசில் இயங்கும் அவுட்லுக்கின் பழைய பதிப்புகள் முதல் சட்டகத்தை மட்டுமே காட்டும் என்பதால், வெறும் புள்ளிகளில் தொடங்கும் படம் அங்கே வெறும் புள்ளிகளாகவே நின்றுவிடும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா என்ற போட்டியும் உண்டு. தமிழ் பேசினாலும் மலாய் வழித் தேசியப் பள்ளியில் பயின்றதால் தமிழ் வாசிக்கச் சிரமப்படும் வாடிக்கையாளர் இங்கே பலர். இரண்டு மொழியையும் ஒரே மடலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும். ‘தீபாவளி’ என்ற சொல்லுக்கு 21 பைட், ஆங்கில எழுத்தில் அதற்கு 9 பைட். ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலைக் கீழே வெட்டிவிடுகிறது; வெட்டுப்படும் பகுதியில்தான் பெரும்பாலும் இனி மடல் வேண்டாம் என்று தெரிவிக்கும் விலகல் இணைப்பு இருக்கும். அது கண்ணில் படாதவர் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார். பதிவு செய்யும்போதே மொழியைக் கேட்டு, இரண்டு பட்டியலாக வைத்துக்கொள்வதே நேர்த்தி.

மொழியைக் கேட்கும் அதே இடத்தில் பண்டிகையையும் கேட்கலாம். பெயரைப் பார்த்து மதத்தை ஊகித்து மடல் அனுப்பும் கடைகளை அறிவேன். தமிழ்க் கிறிஸ்தவர்களும் தமிழ் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் பினாங்கில் இது தவறாகப் போவதற்கே வாய்ப்பு அதிகம். அதோடு, நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையை நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்தி, அதைக் கையாள வெளிப்படையான ஒப்புதலைக் கோருகிறது. ‘மதம்’ என்றொரு கட்டத்தை வைப்பதைவிட, ‘எந்தப் பண்டிகைக்கு எங்கள் மடல் வேண்டும்?’ என்று கேட்டு, பொங்கல், நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று பட்டியலிடுவது மரியாதையானது. தீபாவளி கொண்டாடாத ஒருவர் தீபாவளி மடலைக் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேட்டி எடுக்க வருவதும் இந்த ஊரில் நடப்பதுதான்.

எல்லாவற்றையும்விட நான் உயர்வாக மதிக்கும் மடலை இங்கேதான் சொல்ல வேண்டும். என் தந்தை மறைந்த ஆண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் ஒரு கடையிலிருந்து அந்த ஆண்டும் மடல்கள் தொடர்ந்து வந்தன. ‘அப்பாவுக்கு வேட்டி எடுத்துவிட்டீர்களா?’ என்பது அவற்றில் ஒன்று. கடையின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் தெரிவிப்பதற்கும் எனக்கு ஒரு வழியில்லை. விலகல் இணைப்பை அழுத்தினால் அந்தக் கடையின் மடல் என்றென்றைக்கும் வராது. அழுத்தாவிட்டால் நாளுக்கொரு வாழ்த்து வரும்.

பிரிட்டனின் ‘புளூம் அண்ட் வைல்ட்’ என்ற பூக்கடை நிறுவனம், அன்னையர் தின மடல்கள் வேண்டாதவர்கள் அவற்றிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளும் வசதியை 2019-இல் தந்தது. துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடாத வழக்கம் உள்ள நமக்கு, அது இன்னும் கூடுதலாகத் தேவைப்படும் வசதி. நான் எழுதித் தரும் கடைகளில் செப்டம்பர் நடுவில், படம் எதுவும் இல்லாமல், இந்த நான்கு வரி போகிறது: ‘வணக்கம். அடுத்த சில வாரங்களில் தீபாவளி மடல்கள் அனுப்பவிருக்கிறோம். இவ்வாண்டு அவை வேண்டாம் என்றால் கீழே ஒருமுறை அழுத்துங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மடல்கள் வழக்கம்போல் வரும்.’

கழிவு மடலோடு ஒப்பிட்டால் இது ஒரு புடவையைக்கூட விற்காது. ஆனால் இதற்கு வரும் பதில்களில் நன்றி இருக்கிறது. ஒரு மலிவு விற்பனை மடலுக்கு எவரும் நன்றி எழுதி நான் பார்த்ததில்லை. அமைக்கும்போது இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும். கடவுச்சொல் கேட்காமல் ஒரே அழுத்தலில் வேலை முடிய வேண்டும். ‘வேண்டாம்’ என்ற அந்தக் குறிப்பு தீபாவளிக்கு மறுநாள் தானாக நீங்கிவிட வேண்டும், அடுத்த ஆண்டும் அவரைத் தொடரக்கூடாது.

கடைசியாக, தீபாவளியன்று காலையில் போகும் வாழ்த்து மடல். எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய், திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவோரைக் கவனிக்கும் நாளில் விற்பனைச் செய்தியை யாரும் படிக்கப்போவதில்லை. ஆகவே முதல்நாள் மாலையே ஒரு வாழ்த்தையும், கடை மீண்டும் திறக்கும் நாளையும் மட்டும் எழுதி அனுப்புகிறேன். செப்டம்பரில் ‘வேண்டாம்’ என்று அழுத்தியவர்களுக்கு இந்த வாழ்த்தும் போகக்கூடாது. மென்பொருள் அவர்களை விலக்கிவிடும் என்றாலும், அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அந்தப் பட்டியலை நானே ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்துவிடுகிறேன்.