டீசல் ஜோங்கா பிக்கப்: 11 வருஷமும் என் வலது முட்டியும்

போன வாரம் அபுதாபியிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, திருவட்டார்ல ஒரு ஜோங்கா விலைக்கு வருது. டீசல் இஞ்சின் மாத்துனது, பின்னால தொட்டி. நீங்க தினமும் அதத்தான ஓட்டுறீங்க, நானும் வாங்கட்டா?" என்றான். நான் அப்போது எங்கள் குமரி மாவட்டத்துக் குலசேகரம் சந்தை ஓரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஐப்பசி மழை. என் வலது முட்டியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. "அப்புறம் சொல்லுதேன் மக்கா" என்று வைத்துவிட்டேன். அப்போதே பதில் சொல்லியிருந்தால் கோபம்தான் பேசியிருக்கும். எழுதினால் வண்டிக்கு நியாயம் செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலை, நிசான் பேட்ரோல் 60 என்ற ஜப்பான் வண்டியை வைத்துப் பட்டாளத்துக்காகச் செய்த ஜீப். என்னுடையது 1991 மாடல். பட்டாளத்தில் இருந்தபோது 3,956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். ஏலத்தில் எடுத்தவர் அதைக் கழற்றிவிட்டு நாலு சிலிண்டர் லாரி டீசல் இஞ்சினை ஏற்றினார், பின் சீட்டுகளை எடுத்துத் தொட்டியாக்கினார், அருமனைப் பக்கம் எஸ்டேட்டில் ஓட்டினார். 2014 ஆவணியில் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து விளைக்கும் (எங்கள் ஊரில் தோட்டத்தை விளை என்போம்) மார்த்தாண்டத்தில் இருக்கும் கடைக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் இந்த ஒரே வண்டிதான். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்குக் குறையாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எங்கள் விளை சரிவில் இருக்கிறது. மேலே ரப்பர், கீழே ஓடை, ரோட்டுக்கு வர ஒரே செம்மண் ஏற்றம். காலையில் வெட்டின பாலை உறையுமுன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், மழை நாளில் அவசரம் இரட்டிப்பு. முன்பெல்லாம் கேன்களைத் தலைச்சுமையாக ஏற்றி ரோட்டில் நிற்கும் ஆட்டோவில் வைப்போம். இந்த வண்டி வந்த பிறகு ஆறு கேனும் தொட்டியில். லோ கியரில் போட்டு ஒன்றாம் கியரில் கிளட்சை விட்டால் போதும், ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே வேண்டாம். நாலு சக்கரமும் சேற்றைப் பிடித்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில், ஒரு கேன் மூடி ஆடாமல் மேலே வந்துவிடும். 11 வருஷத்தில் அந்த ஏற்றத்தில் அது ஒரு நாள்கூடச் சிக்கி நின்றதில்லை. என்னுடன் வேலைக்கு வரும் வெட்டுக்காரர் ஏற்றம் முடிந்து ரோட்டைத் தொட்டதும் பானெட்டில் ஒரு தட்டு தட்டுவார். இன்றைக்கும் தட்டுகிறார்.

ஒக்கி புயலைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. 2017 நவம்பர் 30-ல் அடித்த புயல் ஓய்ந்து காற்று அடங்கியபோது எங்கள் ரோட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கரண்ட் இல்லை. அப்பாவுக்கு இன்சுலின் முடியும் நிலை. பேட்டரியும் படுத்துவிட்டது. வண்டியைச் சரிவில் உருட்டி இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. பழைய டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல், ஒரு தடவை ஓட ஆரம்பித்தால் அதற்கு மின்சாரமே தேவையில்லை, நிறுத்தக்கூட ஸ்டாப்பர் கேபிளை இழுக்க வேண்டும். பின்னால் பட்டாளத்தார் டிரெய்லர் மாட்டிய கனத்த கொக்கி இருக்கிறது. அதில் சங்கிலியைப் போட்டு ஒவ்வொரு மரமாக இழுத்து ஓரம் போட்டோம். குலசேகரம் மெயின் ரோட்டைத் தொடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. எங்கள் பின்னால் நாலு பைக்கும் ஒரு பால் வண்டியும் வந்தன.

இன்னொன்று என் மகளுக்கு உயிர். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன் மேல் விழுகிற மாதிரி சின்ன விளக்கு ஒன்று பட்டாளத்துக்காக வைத்திருக்கிறார்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிற டிரைவர் அந்த வெள்ளை வட்டத்தை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும், மேலே விமானத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் போன ராத்திரிகளில் மகள் அதைப் போடச் சொல்லி, முற்றத்தில் குனிந்து நின்று பார்ப்பாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. நிலா வண்டிக்கு அடியில் வந்துவிட்டது என்பாள்.

சரி. இப்போது முட்டிக்கு வருகிறேன்.

இந்த வண்டியின் முன் கண்ணாடி பிரேம் பானெட் மேல் மடக்கிப் படுக்க வைக்கிற மாதிரி செய்தது. அதற்காகக் கீழே இரண்டு பக்கமும் கீல். பிரேமுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் பீடிங். அந்த பீடிங்கின் வலது மூலையில்தான் தண்ணீர் நுழைகிறது. வண்டி நேர் ரோட்டில் நிற்கும்போது பார்த்தால் இடைவெளியே தெரியாது. ஆனால் விளை ஏற்றத்தில் ஒரு சக்கரம் மேலேயும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் போகும்போது பாடி முறுக்கிக்கொள்கிறது. அப்போது மூலையில் நகம் நுழைகிற அளவுக்குத் திறந்து மூடும். 34 வருஷமாகத் திறந்து மூடின இடம்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்கில் சொட்டு நீலம் கலந்து, மனைவி வெளியே நின்று கீலின் மேல் மெதுவாக ஊற்றினாள். நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நீலத் துளி ஒன்று கீல் போல்ட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தது. அங்கேயே விழவில்லை. வயர்க் கட்டின் மேல் இறங்கி, ரப்பர் பால் வெட்டுச்சால் வழியாகச் சிரட்டைக்கு வருவது போல நிதானமாக ஊர்ந்து, வைப்பர் சுவிட்சைப் பிடித்திருக்கும் தகட்டின் முனைக்கு வந்து தொங்கியது. பருத்தது. விழுந்தது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வலது முட்டி வரும் இடம், கொஞ்சமும் பிசகாமல். இடது முட்டி என்றால் நகர்த்திக்கொள்ளலாம். வலது கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வேறு ஊராக இருந்தால் வருஷத்தில் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வைகாசி நடுவில் இடவப்பாதி என்று பெரியவர்கள் சொல்லும் தென்மேற்கு மழை தொடங்கும். அது ஓய்ந்து துணி காய்ந்ததும் ஐப்பசியில் வடகிழக்கு வரும். கல்யாண முகூர்த்தமும் இந்த மாதங்களில்தான் குவிகிறது. என் வெள்ளை வேட்டிகள் எல்லாவற்றிலும் வலது முட்டிப் பக்கம் துருக் கறை இருக்கிறது. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்து மனைவிக்குக் கை அலுத்துவிட்டது.

சிலிக்கான் பூசினேன், ஒரு மாதம் நின்றது. சைக்கிள் டியூபைக் கீறி வைத்தேன், இரண்டு வாரம். மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் பிரேமை நிமிர்த்தித் தருகிறேன் என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் மழையில் பழையபடி சொட்டியது. திரும்பக் கொண்டுபோனபோது "மிலிட்டரி வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்றார்கள். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது. செய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கடைசியில் எங்கள் புகைக்கூட்டில் காய்ந்த ரப்பர் ஷீட் ஒன்றை நீளமாக வெட்டி, இரண்டு மடிப்பாக மடித்து மூலையில் வைத்தேன். வைகாசி முதல் கார்த்திகை வரை ஒரு சொட்டு இல்லை! முட்டி காய்ந்திருந்த முதல் வருஷம் அது. 2021. ஆனால் கந்தகம் சேர்த்து வேகவைக்காத பச்சை ரப்பர் வெயிலைத் தாங்காது. அடுத்த பங்குனியில் இளகிப் பசையாகி, பிரேமோடு ஒட்டி, தூசியெல்லாம் அதில் பிடித்து, சுரண்டி எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. வருஷா வருஷம் ஷீட்டை மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றுகிறேன். இந்த வருஷம் மாற்ற முடியவில்லை, கடையில் வேலை. அதனால்தான் சந்தையில் நனைந்தேன்.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடலாம். மைலேஜ் ரோட்டில் 9, விளைக்குள் 6. பவர் ஸ்டீயரிங் கிடையாது, மார்த்தாண்டத்தில் திருப்பி நிறுத்தினால் தோள் கழன்றுவிடும். மேம்பாலம் வந்தபிறகு பரவாயில்லை. கியர்ப் பல்லிணைப்பு எல்லாம் வேகமாகச் சுற்றும் பெட்ரோல் இஞ்சினுக்காகப் போட்டது. டீசல் அந்தச் சுற்றுக்கு வராது, அதனால் 60-ஐத் தாண்டினால் கத்துகிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாயில் போகவே கூடாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது சும்மாவா, தட்டை முகத்தில் காற்று அறைந்தால் வண்டி பக்கத்து லேனுக்குப் போகிறது.

தம்பி, நீ அந்தத் திருவட்டார் வண்டியைப் பார்க்கப் போகும் யாரையாவது அனுப்பினால் இரண்டு விஷயம் பார்க்கச் சொல். ஒன்று பிரேக். பெட்ரோல் இஞ்சின் தன் உறிஞ்சலிலேயே, பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைக் கொடுத்துவிடும். டீசல் கொடுக்காது, ஆல்டர்னேட்டர் பின்னால் தனியாக வேக்குவம் பம்பு வேண்டும். இஞ்சின் மாற்றுகிறவர்கள் சிலர் இதில்தான் காசு மிச்சம் பிடிப்பார்கள். 2019-ல் திற்பரப்பு இறக்கத்தில் எனக்கு அந்தப் பம்பின் ஹோஸ் வெடித்தது. பெடல் கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. கியரைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினேன். பக்கத்தில் மகள் இருந்தாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

இரண்டாவது ஆர்.சி. இஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதில் இன்னும் பெட்ரோல் என்று இருந்தால் கிட்டேயே போகாதே, ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். கலரையும் பார். ராணுவத்தைத் தவிர வேறு யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது, மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. விற்கிறவர்கள் பட்டாளப் பச்சையிலேயே போட்டோ அனுப்பி, 2019-ல் தோனி ஜோங்கா வாங்கிய கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். என்னுடையது சாம்பல் நிறம், டி.என்.75 நம்பர். மறுபதிவுக் கட்டணமும் பழைய மாதிரி இல்லை. 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார், ஜீப்புக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கட்ட வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் நான் வண்டியைப் புகழ்ந்திருப்பதுதான் அதிகம். ஏற்றம், புயல், மகளின் நிலா, எல்லாம் உண்மை. ஆனாலும் நீ கேட்டது தினமும் ஓட்ட வாங்கலாமா என்று. வாங்காதே. உனக்குச் சரிவில் விளை கிடையாது, நாகர்கோவிலில் வீடு, வடசேரியில் கடை போடப் போகிறாய். நீ சுகமாக இருக்கத்தான் ஊருக்கு வருகிறாய். கூரை போட்ட பிக்கப் ஒன்று வாங்கு. சித்தியையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவர்களுக்கு முட்டி வலி வேறு.

அப்படியென்றால் உங்கள் வண்டியைத் தாருங்கள், நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்று நேற்று மெசேஜ் போட்டிருக்கிறாய். அது நடக்காது. மழை விட்டதும் சனிக்கிழமை புது ஷீட் வெட்டப் போகிறேன், இந்தத் தடவை மூன்று மடிப்பாக.