பழைய பவர் மெஷினும் நானே செய்த ஸ்பீடு ரெடியூசரும்: நாலு வருஷ அனுபவம்

கான்வாஸ் பை, தோல் பெல்ட் மாதிரி தடித்த சாமான்கள் தைக்கலாம் என்று பழைய வாக்கிங் ஃபுட் மெஷின் (மேலே அழுத்தும் பாதமும் துணியோடு சேர்ந்து நகரும் பவர் மெஷின்) ஒன்றை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்த முதல் நாள் அதில் நான் தைத்தது ஒரே ஒரு கோடு. பெடலில் கால் பட்டதுதான் தெரியும், அதற்குள் தோல் துண்டு கையை உருவிக்கொண்டு மறுபக்கம் போய் விழுந்தது. கோடும் நேராக இல்லை.

அதில் இருந்தது கிளட்ச் மோட்டார். சுவிட்ச் போட்டால் போதும், தைத்தாலும் தைக்காவிட்டாலும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் அந்தச் சுழற்சி மெஷினோடு சேரும், அவ்வளவுதான். என்னுடையது 1440 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் 80 மில்லிமீட்டர் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), மெஷின் சக்கரத்தில் 90 மில்லி. கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 1280 தையல், நொடிக்கு 21. சட்டை தைக்கிறவர்களுக்கு இது ஒரு வேகமே இல்லை. ஜூகி டிடிஎல்-8700 மாதிரி மெஷின்கள் நிமிஷத்துக்கு 5500 வரை போகும். ஆனால் 5 மில்லி தையலில் தோல் தைக்கும்போது, நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் ஓடுகிற மெஷினில் ஒரு மூலையைத் திருப்ப என் காலுக்கு வராது. வேகத்தைக் குறைக்க ரெடியூசர் செய்தது அதனால்தான்.

வாங்கும்போது நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. திருகுத் தலைகளைப் பார்த்தேன். காடி சிதைந்திருந்தால் யாரோ அரைகுறையாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். அடியில் ஊசி நூலைப் பிடித்துச் சுற்றும் ஹூக்கின் முனையை நகத்தால் தடவினேன். அங்கே பிசிறு இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அப்புறம் நூல் கோக்காமல் ஒரு காகிதத்தில் ஊசித் துளைகளாக ஓட்டி, ரிவர்ஸ் போட்டுத் திரும்பி வந்தேன். பழைய துளைகளிலேயே ஊசி விழுந்தது. விற்றவர், "துணி வைத்துத் தைத்துப் பாருங்கள்" என்றார். காகிதம் சொல்கிற அளவுக்குத் துணி உண்மை சொல்லாது.

ஊசியில் மட்டும் ஏமாந்தேன். சட்டை தைக்கும் பவர் மெஷினுக்கு டிபி×1 (DB×1), இதற்கு டிபி×17 (DP×17). வாயால் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். கடைசியில் வரும் எண்ணை அழுத்திச் சொல்லுங்கள். 1 என்பதன் தண்டு மெலிந்தது, 17-இன் தண்டு 2 மில்லி.

சரி, ரெடியூசர். மோட்டாருக்கும் மெஷினுக்கும் நடுவில் இன்னொரு ஷாஃப்ட். அதில் ஒரு பெரிய புல்லி, ஒரு சின்னப் புல்லி. இரண்டு பெல்ட். நான் 20 மில்லி ஷாஃப்ட்டை 204 நம்பர் பிளம்மர் பிளாக் (போல்ட் போடும் கூட்டோடு வரும்) பேரிங் இரண்டில் மாட்டி, டேபிளுக்கு அடியில் போல்ட் போட்டேன். மோட்டார் புல்லியை 50 ஆக்கினேன். அது 200 மில்லி புல்லியைச் சுற்றும். அதே ஷாஃப்ட்டில் இருக்கும் 60 மில்லி புல்லி மெஷினைச் சுற்றும். இப்போது நிமிஷத்துக்கு 240, நொடிக்கு நாலே தையல். பெடலை முழுக்க மிதித்தாலும் பதற்றம் கிடையாது. பெல்ட்டைக் குறுக்கே போடாதவரை சுற்றும் திசையும் மாறாது.

முதலில் 200 மில்லி புல்லியைப் பிளைவுட்டில்தான் செய்தேன். வட்டமாக அறுத்து ஒட்டி, ஷாஃப்ட்டிலேயே சுற்றவிட்டு, அரத்தால் காடி எடுத்தேன். பெல்ட் காடியின் இரு பக்கச் சுவரையும் கவ்வ வேண்டும்; அடியைத் தொட்டால் வழுக்கும். அழகாகத்தான் வந்தது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் மரம் கோணி, சுற்றுக்கு ஒருமுறை டேபிள் குலுங்க ஆரம்பித்தது. அலுமினியப் புல்லிக்கு மாறினேன். அதில் வேறு தொல்லை, புல்லியை ஷாஃப்ட்டோடு இறுக்கும் செட் ஸ்குரூ தளர்ந்துகொண்டே இருந்தது. ஸ்குரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை அரத்தால் தட்டையாக்கிய பிறகு தளரவில்லை.

வேகம் குறைந்தால் பலம் கூடும். இது நான் முழுதாக யோசிக்காத விஷயம். 1280-ஐ 240 ஆக்கியபோது இழுவை ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. முன்பு தோலில் ஊசி சிக்கினால் பெல்ட் வழுக்கி மெஷின் நின்றுவிடும். ரெடியூசர் போட்ட மூன்றாம் மாதம் ஒரு பக்கிளின் மேல் ஊசி இறங்கியது. மெஷின் நிற்கவில்லை. ஊசி மடங்கி, ஹூக் டைமிங் (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் கணக்கு) போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழுதுபார்த்தேன். அன்றிலிருந்து மெஷினுக்குப் போகிற பெல்ட்டைக் கொஞ்சம் தொய்வாகவே விட்டிருக்கிறேன். சிக்கினால் அது வழுக்கட்டும், அதுதான் என் ஃபியூஸ். பெல்ட்டுகளுக்கு மூடியும் போட்டேன். இந்த இழுவையில் விரல் மாட்டினால் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

எண்ணெய் விஷயமும் உண்டு. என் மெஷினுக்குக் கையால்தான் எண்ணெய் விட வேண்டும், அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் அடியில் எண்ணெய்த் தொட்டியும் பம்பும் உள்ள வேக மெஷினுக்கு ரெடியூசர் போட்டால், அந்த மெதுவான சுழற்சியில் பம்ப் சரியாக எண்ணெய் ஏற்றாது. மேலே கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பது தெரியாவிட்டால், தைக்க உட்காரும் முன் கையால் விட்டுவிடுங்கள்.

போன வருஷம் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பெடலை மிதித்தால் மட்டும் சுற்றும் சர்வோ மோட்டார் போட்டேன். இரைச்சல் போயிற்று, சும்மா இருக்கும்போது கரன்ட்டும் தின்பதில்லை. சர்வோ இருந்தால் ரெடியூசர் எதற்கு என்று அதைக் கழற்றியும் பார்த்தேன். குறைந்த வேகத்தில் நாலு அடுக்குத் தோலில் ஊசி பாதியில் நின்றது. இன்னும் மிதித்தால் ஒரேயடியாகப் பாய்ந்தது. மறுநாளே ரெடியூசரை மாட்டிவிட்டேன். ஒன்று கவனியுங்கள்: ஊசியை மேலேயோ கீழேயோ நிறுத்தும் வசதி மோட்டார் சுற்றை வைத்து வேலை செய்தால், நடுவில் ரெடியூசர் வந்ததும் கண்ட இடத்தில் நிற்கும். மெஷின் சக்கரத்தில் தனி சென்சார் வேண்டும்.

குறை என்றால் நீளத் தையல்தான். சர்வோவையும் 1440-க்கு மேல் போகாமல் வைத்திருக்கிறேன், அதனால் கணக்கு மாறவில்லை: நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர். கூடார ஓரம் தைக்கும்போது கொட்டாவி வரும். பழைய 80 மில்லி புல்லியை மோட்டாரில் மாட்டினால் 384 தையல் கிடைக்கும். ஆனால் பெல்ட் நீளம் ஒத்துவர, மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி ரெடியூசர் பக்கம் நகர்த்த வேண்டும். பத்து நிமிஷ வேலைதான். சோம்பல்பட்டு, பெரும்பாலும் 50-லேயே தைத்து முடித்துவிடுகிறேன்.