கே6-உடன் மூன்று தீபாவளி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யாரிடமாவது 'லோடு டெஸ்டிங்' என்று சொல்லிப் பாருங்கள், கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்பார்கள். 2023-இல் 'லோடு ஷெட்டிங்' என்ற மின்வெட்டு படுத்திய பாடு அப்படி. இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் சேலைக்கடை வைத்திருக்கும் அக்காவும் அதையேதான் கேட்டார். "அதான் ஜெனரேட்டர் இருக்கே தம்பி, அதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

அவர் கடை வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது நாங்கள் மூன்று பேர். 2022 தீபாவளிக்கு முந்தைய வாரம் இரவு எட்டு மணிக்கு ஆஃபர் திறந்தோம். எட்டு ஐந்துக்கு சைட் படுத்துவிட்டது. அன்று வாங்கிய அடியில் வந்த பழக்கம்தான் இந்த லோடு டெஸ்டிங்: போலிக் கூட்டத்தை விட்டு, சைட் தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது.

முதலில் எடுத்த கருவி ஜேமீட்டர். பழைய ஆள், நம்பகமானவர், இலவசம். பிரவுசரில் நாம் சொடுக்குவதை அப்படியே பதிவு செய்துகொள்ளும் என்பதால் முதல் நாளே ஏதோ ஒன்று ஓடும். ஆனால் எங்களிடம் இருந்தது 8 ஜிபி லேப்டாப். ஜேமீட்டரின் திரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலையும் மரமாகக் காட்டும் அந்தப் பகுதியையும் அணைக்காமல் 300 பேரை ஓடவிட்டேன். சர்வர் தேமேயென்று இருந்தது, லேப்டாப்தான் மூச்சுத் திணறியது. உண்மையான டெஸ்ட்டை ஜன்னல் இல்லாமல் கமாண்ட் லைனில்தான் ஓட்ட வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. படித்தால்தானே! தவிர, டெஸ்ட் முழுவதும் ஒரு நீளமான எக்ஸ்எம்எல் கோப்பு. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்'டில் போட்டுவிட்டு, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியது என்று பார்க்க உட்கார்ந்தால் தலைவலிதான் மிச்சம்.

கே6-க்கு மாறியதற்கு அதுவே காரணம். கோ மொழியில் எழுதிய கருவி, ஸ்கிரிப்ட் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட். 2021-இல் கிராஃபானா லேப்ஸ் நிறுவனம் வாங்கிய பிறகும் மூலநிரல் திறந்தே இருக்கிறது. 'பி95 800 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும்' (அதாவது நூறில் 95 கோரிக்கைக்காவது அதற்குள் பதில் வர வேண்டும்) என்று ஒரு வரி எழுதிவைத்தால், தாண்டும்போது கருவியே தோல்வி என்று சொல்லி வெளியேறும். ராத்திரி தானாக ஓடும் பில்ட் (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் வேலை) சிவப்பாகிவிடும். சராசரியை நான் பார்ப்பதே இல்லை. நூறில் ஐந்து பேர் திண்டாடுவதை மறைப்பதற்கு அதைவிட நல்ல திரை கிடையாது.

முதல் மாதம் ஒரு சறுக்கல். 12 எம்பி பொருள் பட்டியலை ஸ்கிரிப்டின் தலையில் சாதாரணமாக ஏற்றியிருந்தேன். ஒவ்வொரு வெர்ச்சுவல் யூசரும் (கருவி உருவாக்கும் போலி ஆள்) தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்வார் என்று தெரியாது. 300 பேர், 4 ஜிபி மெஷின், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 'ஷேர்டு அரே' என்ற ஒன்று இதற்காகவே இருக்கிறது. பட்டியலை ஒரே இடத்தில் வைத்து எல்லோருக்கும் பொதுவாக்கிவிடும்.

இவையெல்லாம் சில்லறை. உண்மையான பாடம் 2023 தீபாவளிக்கு முன் நடந்த ஒத்திகைகளில் கிடைத்தது. ஒத்திகை ஒவ்வொன்றும் பச்சைதான். அப்படியானால் போன வருடம் ஏன் விழுந்தது? சர்வர் எழுதிவைத்த பழைய பதிவுகளைத் தோண்டினோம். என் ஸ்கிரிப்டில் ஆளாளுக்கு ஒரு சேலையைக் குத்துமதிப்பாக எடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிஜத்தில் எல்லோரும் பாய்ந்தது ஒரே ஒரு ஆஃபர் சேலை மேல்! ஸ்டாக் குறைப்பதற்காக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அந்தச் சேலையின் ஒற்றைப் பதிவைப் பூட்டுகிறது. அடுத்தவர் காத்திருக்கிறார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு இயல்பான வரம்பு 50 நொடி. அதற்குள் பக்கங்களைத் தயாரித்துக் கொடுக்கும் பிஹெச்பி வொர்க்கர் அத்தனை பேரும் அந்தக் கியூவில் போய் நின்றுவிட்டார்கள், முகப்புப் பக்கத்தைக் கொடுக்கக்கூட ஆளில்லை. ஸ்கிரிப்டில் பத்தில் எட்டுப் பேரை அந்தச் சேலைக்கே அனுப்பினேன். மூன்றாம் நிமிடத்தில் சைட் படுத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு சர்வர் விழுந்து பார்த்ததில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 200 வெர்ச்சுவல் யூசர் என்றால், பதில் வந்த பிறகுதான் ஒவ்வொருவரும் அடுத்ததைக் கேட்பார். பதில் ஒரு நொடியில் வந்தால் நொடிக்கு 200 கோரிக்கை. சர்வர் தடுமாறிப் பத்து நொடி எடுத்தால் வெறும் 20. விழப்போகிறவனைப் பார்த்து இவர்கள் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார்கள். ஆஃபர் சேலைக்கு வந்த கூட்டமா ஒதுங்கும்? ரிஃப்ரெஷ்ஷைப் போட்டு அழுத்தும். நொடிக்கு இத்தனை பேர் என்று வருகையையே நிர்ணயிக்கும் வசதி கே6-இல் இருக்கிறது. இப்போது அதில்தான் ஓட்டுகிறேன். ஒரே நிபந்தனை, 'டிராப்டு இட்டரேஷன்ஸ்' எண்ணிக்கையில் கண் வைக்க வேண்டும். அது ஏறினால், கேட்ட வேகத்தில் ஆள் அனுப்ப முடியவில்லை என்று பொருள். சர்வர் தாமதத்தில் யூசர் எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்கலாம், அனுப்பும் மெஷினே திணறலாம்.

செலவு? வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து அனுப்பினால் நம் அப்லோடுதான் முதலில் நிரம்பும், ஆகவே கிளவுடில் நாலு கோர் மெஷின் ஒன்றை இரண்டு மணி நேரம் எடுக்கிறோம். பத்து ராண்டுக்குள் முடிகிறது. ஒரு கால் பன்னி (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய டர்பன் சாப்பாடு) வாங்கும் காசில் ஏழெட்டு டெஸ்ட். மெஷினை கேப்டவுனில் எடுங்கள். ஐரோப்பாவில் எடுத்தால் போய்வரவே 150 மில்லிசெகண்டுக்கு மேல், அது பி95-இல் வந்து உட்காரும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மாதிரியே கே6 தெரிந்தாலும், அது நோட்.ஜேஎஸ் இல்லை. அதன் நிரல் கிடங்கான என்பிஎம்மில் கிடைப்பதையெல்லாம் எடுத்துப் போட முடியாது. பக்கத்தைக் கேட்டால் ஹெச்டிஎம்எல் மட்டும் வரும், படங்களை நாம்தான் தனியாகக் கேட்க வேண்டும். பிரவுசர் வைத்து ஓட்டவும் வழி உண்டு, ஆனால் குரோமியம் பிரவுசர் தின்னும் மெமரிக்கு நூறு பேரை ஓட்டுவதெல்லாம் எங்கள் பட்ஜெட்டுக்கு ஆகாது. ஐந்து பேரை மட்டும் அப்படி விட்டு, மீதிப் பேரைச் சாதாரணமாக ஓட்டுகிறோம்.

பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ், மெயில் மூன்றையும் டெஸ்டுக்கு முன் போலியாக்கி விடுங்கள். நான் ஒருமுறை மெயிலை மறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அக்காவுக்கு 340 ஆர்டர் மெயில். "தம்பி, கவுண்டர்ல இருக்கற பிள்ளைங்களையெல்லாம் பேக்கிங்குக்கு இறக்கிட்டேன்" என்று போனில் சொன்னபோது அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கலைக்க எனக்குக் கொஞ்ச நேரம் வாய் வரவில்லை.

2025 தீபாவளி ஆஃபரும் எட்டு மணிக்குத்தான் திறந்தது. எட்டு பத்துக்கு அக்காவிடமிருந்து வாட்ஸாப் வந்தது: "ஆர்டர் வருது. இது நெசமா, உன் டெஸ்ட்டா?"