பாலிஹவுஸ் வெள்ளரி போடுகிறவர்கள் கவனத்துக்கு: "பவுடரி வராத விதை" என்று எங்களுக்கு விற்றது இதைத்தான்

ஓசூர் பக்கம் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரைக் குடிலில், சாலட் வெள்ளரி போடுகிறவர்கள், அடுத்த நடவுக்கு விதை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பவுடரி என்றால் இலையில் வெள்ளையாகப் படியும் சாம்பல் நோய். "பவுடரியே வராது" என்று சொல்லி எங்களுக்கு ஒரு ரகத்தை விற்றார்கள். அந்த ரகத்துக்குச் சாம்பல் நோயைத் தாங்கும் குணம் உண்டு என்று பாக்கெட்டில் எங்கேயுமே எழுதியில்லை.

கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, "ஐஆர்னு போட்டிருக்கு பாருங்கண்ணா, ரெசிஸ்டன்ஸ். இதுக்கு மருந்தே தேவைப்படாது" என்றார். பக்கத்தில் நின்ற கம்பெனி ஆளும் தலையாட்டினார். ஐஆர் என்று போட்டிருந்தது உண்மை. ஆனால் அதை ஒட்டி இருந்த எழுத்துகள் 'பிசியு'. அது டவுனிக்கு, அதாவது அடிச்சாம்பல் நோய்க்கு உரிய குறி. பவுடரிக்கு 'பிஎக்ஸ்' என்று இருந்திருக்க வேண்டும். ஐஆர் என்றால் ஓரளவு தாங்கும், எச்ஆர் என்றால் நன்றாகத் தாங்கும். எதைத் தாங்கும் என்பதைச் சொல்வது அடுத்து வரும் எழுத்துகள்தான். தினம் விதை விற்கிறவருக்கும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவருக்கும் இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டு நோய்க்கும் உறவே கிடையாது. டவுனி வர இலை ஈரமாக இருக்க வேண்டும். இலையின் மேல்பக்கம் நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டினாற்போல மஞ்சள் திட்டு விழும், திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பலும் ஊதாவுமாகப் பூத்திருக்கும். பவுடரிக்கு இலையில் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். காற்றில் கொஞ்சம் ஈரப்பதமும், இருபது முதல் இருபத்தேழு டிகிரி வரை வெப்பமும் இருந்தால் போதும். மழை படாத பாலிஹவுஸ் அதற்கு ரொம்பவே தோதான இடம். டவுனியைத் தாங்குகிற ரகம் பவுடரியையும் தாங்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

காய்ப்பு நன்றாகப் பிடித்த நேரத்தில்தான் வந்தது. முதலில் அடி இலைகள், அதுவும் உள்வரிசையில் நிழல் விழுகிற பக்கம். கோலமாவு சிந்தினாற்போல வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டு, விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே வாரத்தில் இலையின் இரண்டு பக்கமும் மூடி, காம்புக்கும் தண்டுக்கும் ஏறிவிட்டது. இலை மஞ்சளாகிக் காய்ந்த பிறகு, வந்த காயெல்லாம் வால் சூம்பி வளைந்தே வந்தது. மண்டிக்காரர் அதைக் கழிவு விலைக்குக்கூட எடுக்கத் தயங்கினார்.

அதே கடைக்குப் போனால் இன்னொரு கூத்து. ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அடித்தும் நிற்கவில்லை. "அது வேலை செய்யலைன்னா இது செய்யும்" என்று வேறு பெயரில், வேறு நிறத்தில், இன்னும் கூடுதல் விலையில் ஒன்று. வீட்டுக்கு வந்து இரண்டு லேபிளிலும் பொடி எழுத்தைப் படித்தால், இரண்டிலும் அதே அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 சதவீதம். இந்த வகை மருந்துக்குச் சாம்பல் நோய்ப் பூஞ்சை பல நாடுகளில் பழகிவிட்டது. அடுத்த தடவை வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். திருப்பிக் கொடுக்கப் போனபோது அதை எடுத்துக்கொள்ளாமல், கந்தகத் தூளை வாங்கித் தூவச் சொன்னார். வெள்ளரி, பூசணி, பீர்க்கன் வகைகளுக்குக் கந்தகத் தூள் ஆகாது, இலை கருகும் என்று வேளாண் பல்கலைக்கழகமே எழுதி வைத்திருக்கிறது. நான் வாங்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால், "எதிர்ப்புத் திறன்னா நோயே வராதுன்னு அர்த்தம் இல்லைங்க" என்றார்கள். பொதுவாகப் பார்த்தால் அது சரிதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1936ல் பிஎம்ஆர் 45 என்று ஒரு முலாம்பழ ரகம் வெளியிட்டார்கள். சாம்பல் நோயைத் தாங்கும் குணம் அதற்கு நம் இந்திய முலாம்பழத்திலிருந்துதான் போனது. சில வருஷத்துக்குள் பூஞ்சையில் வேறொரு இனம் கிளம்பி அந்த ரகத்தையும் பிடித்துக்கொண்டது. அதனால் எந்த ரகத்துக்கும் "வரவே வராது" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எங்கள் விஷயத்தில் அந்தக் குணம் தோற்றுப்போகவில்லை. இருப்பதாகப் பாக்கெட்டே சொல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள்.

அப்புறம் விதை ஆய்வாளரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர்கள் சோதிப்பது முளைப்புத் திறன், சுத்தம், ஈரப்பதம், இந்த மாதிரி விஷயங்கள். எங்கள் விதை நன்றாகவே முளைத்தது, அதனால் அந்தச் சோதனையில் அது பாஸ். கடைக்காரர் வாயால் சொன்ன வாக்குறுதியைப் பிடிக்க அதில் வழியில்லை.

வழி இருப்பது நுகர்வோர் ஆணையத்தில். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லிவிட்டது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டோம். லாட் நம்பர் எழுதின பில், காலிப் பாக்கெட், தேதியோடு எடுத்த இலைப் படங்கள், தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் சேர்த்திருக்கிறோம். அந்தக் கடையில் முதலில் எஸ்டிமேட் சீட்டுதான் நீட்டினார்கள், பில்லைக் கேட்டு வாங்கினோம். விதைக்குப் பில் கொடுப்பது விற்பவரின் கடமை, 1983ஆம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே அது இருக்கிறது.

பவுடரிக்கென்று கூடுதல் விலை கேட்டால் பாக்கெட்டில் பிஎக்ஸ் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால், ரகத்தின் பெயரோடு "சாம்பல் நோயைத் தாங்கும்" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.