டேஷ்போர்டு விரிசல்: புட்டியா, மூடியா?

என் காருக்கு 19 வயது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. டேஷ்போர்டில்தான், ஏசி வென்ட் மூலையில் தொடங்கிய விரிசல் முன்கண்ணாடி வரை ஓடி, பக்கத்தில் இரண்டு குட்டியும் போட்டுவிட்டது. முதலில் புட்டி வைத்தேன். இப்போது டேஷ்போர்டின் மேல் அப்படியே பொருந்தும் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருக்கிறேன். இரண்டும் என் கைவேலைதான். மூடியின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மூன்றாவது வழி, விரிசல் தெரியாமல் டேஷ்போர்டின் மேல் போடும் கார்பெட் விரிப்பு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரித்தால் வேலை முடிந்தது, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பும் குறையும். தூசி சேரும். காரை விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் தூக்கிப் பார்ப்பதும் அதைத்தான்.

புட்டி வேலை பொறுமையைச் சோதிக்கும். விரிசலின் ஓரங்களை வி வடிவத்தில் சீவியபோது, உள்ளே இருந்த மஞ்சள் நுரை விரல் பட்டதுமே தூளாக உதிர்ந்தது. விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் முனையில் சின்னதாக ஒரு துளை போட்டு, வளைந்து கொடுக்கும் ஃபில்லரை நிரப்பி, 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். (தகரத்துக்குப் பூசும் புட்டியை இங்கே தொடவே வேண்டாம், கல்லாக இறுகிவிடும்.) தேய்த்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது, சுற்றியிருந்ததோ சொரசொரப்பு. அதை ஒப்பேற்ற ஒரு ஸ்பிரே, அதன் மேல் பெயின்ட். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்த வெயிலில் தழும்பு தெரியும். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அடுத்த கோடை முடிவதற்குள் ஃபில்லரை ஒட்டியே, முடி இழை அகலத்தில், புதிதாக ஒரு கோடு!

கோளாறு புட்டியில் இல்லை. என்னுடையதுபோல மேற்புறம் மிருதுவான டேஷ்போர்டுகள் பலவற்றில் மேலே இருப்பது பிவிசி பிளாஸ்டிக் தோல், அதன் கீழே பாலியூரித்தேன் நுரை, அடியில் கடினமான சட்டம். தோலை மிருதுவாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் புகைபோலப் படிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. அது போகப்போகத் தோல் சுருங்கும். ஓரங்கள் சட்டத்தோடு பிடித்திருப்பதால் நடுவில் இழுவிசை ஏறும். மூடிய கார் வெயிலில் நின்றால் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரவில் குளிர்ந்து மறுபடி சுருங்கும். புட்டி பள்ளத்தை நிரப்புமே தவிர இந்த இழுப்பைக் குறைக்காது. அதனால் தோல் பக்கத்திலேயே கிழிகிறது.

மூடி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அந்தந்த மாடலுக்கென்றே வார்த்து வருவதை சிலிக்கான் பசையால் ஒட்ட வேண்டும். காய்ந்த பிறகும் சிலிக்கான் ரப்பர்போல இருப்பதால், அடியில் தோல் நகர்ந்தாலும் மூடியில் கீறல் விழுவதில்லை. வெயிலும் நேராகத் தோலில் படாது.

ஒட்டுவதற்கு முன், பல வருடங்களாகப் பூசிய பாலிஷை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லையேல் பசை பிடிக்காது. காய்ந்த இலைபோல மேலே சுருண்ட விரிசல் விளிம்புகளையும் சீவிவிட வேண்டும். நான் ஒரு மூலையில் சோம்பல்பட்டேன், மூடி அங்கே இன்னும் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

மூடியிலும் குறை உண்டு. தட்டினால் டொக்கென்று வெற்று ஓசை. எல்லா மாடலுக்கும் கிடைக்காது. ஒட்டியபின் பிரித்தால் தோலும் கூடவே வரும் என்பதால், இது ஒருவழிப் பாதை. என்னுடையது பார்த்திருப்பது இரண்டு கோடைகள்தான். பத்து வருடம் தாங்கும் என்று நான் எப்படிச் சொல்வது?

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பயணி பக்கம் டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருந்தால், அது வெளிவரும் இடத்தின் மேல் விரிப்பு, மூடி, புட்டி எதுவுமே கூடாது. என் காரில் அந்தப் பக்கம் ஏர்பேக் கிடையாது, அந்தத் தைரியத்தில்தான் செய்தேன்.

டேஷ்போர்டையே கழற்றிப் புது ரெக்சின் போர்த்துவதுதான் பார்வைக்கு முதலிடம். நண்பர் ஒருவரின் காரில் பார்த்தேன், தையல்கூட அழகு. ஆனால் கழற்றும்போது பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக முறிந்ததாம். ஏதோ ஒரு மூலையில் இப்போது கடகடவென்கிறது. பழைய காரிலிருந்து கழற்றிய டேஷ்போர்டு வாங்கலாமே என்பார்கள். அதுவும் இத்தனை வருடம் வெயிலில் காய்ந்ததுதானே?

மதியம் காரை நிறுத்திவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்தால், மூடிக்கு அடியில் எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. விரிசல் இன்னும் வளர்கிறது போலிருக்கிறது. வளரட்டும்.