முட்டுக்குக் கீழே சுருளும் சனியன்

"நீ காலில் மாட்டுகிறாயே பிள்ளே, அந்தச் சாக்ஸ் எனக்கும் ஒரு ஜோடி வாங்கட்டுமா?" என்று மயினி நேற்று போனில் கேட்டார். உடனே பதில் சொல்ல வரவில்லை.

மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு. நரம்பு சுருட்டுக்காகக் காலை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் போட ஆரம்பித்து ஒன்றரை வருடம். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும் என்பதால் இது மூன்றாவது ஜோடி.

முதல் ஜோடி என் முட்டாள்தனம். செருப்பு சைஸை வைத்து ஆன்லைனில் வாங்கினேன். கரண்டையில் தொளதொள, கெண்டைக்காலில் இறுக்கம். பிடி கரண்டையில்தான் அதிகம் இருக்க வேண்டும், மேலே போகப்போகக் குறைய வேண்டும். எனக்கு வந்தது தலைகீழ். அப்புறம் நாகர்கோவிலில் ஒரு சர்ஜிக்கல் கடைக்காரர், "எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்னால் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். கரண்டையின் ஒல்லியான இடம், கெண்டையின் பருத்த இடம், தரையிலிருந்து முட்டு மடிப்பு வரை நீளம். பிடி எவ்வளவு என்று சொல்கிற கிளாஸ் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மன் கணக்கில் கிளாஸ் 2 என்றால் அழுத்தம் 23-32 மி.மீ. பாதரசம், பிரிட்டிஷ் கணக்கில் 18-24தான்.

சாயங்காலம் காலில் அம்மிக்கல் கட்டினது மாதிரி இருந்த கனம் போய்விட்டது, உண்மை. புடைத்த நரம்பு அப்படியேதான் இருக்கிறது. இதைப் போட்டு அது மறையாது.

ஆனால் அந்த மேல் விளிம்பு! பஸ்ஸில் உட்கார்ந்தால் வேர்வையில் வழுக்கி முட்டுக்குக் கீழே சுருண்டுகொள்ளும். சுருண்டால் கயிறு கட்டினது போல ரத்தத்தை அதுவே தடுக்கும். சேலையோடு குனிந்து எத்தனை தடவை இழுத்துவிடுவது?

மாட்டுவதற்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது: பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை. துணி வழுக்காமல் கூடவே வரும். வீட்டைச் சுற்றி ரப்பர் மரம், எனக்கு இது தெரிய ஒரு வருடம்.

மயினிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று டாக்டர் பார்க்காமல் மாட்டவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அது சரியென்று வந்தால்? இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்பேன். வேலை முடிந்து வருவதற்குள் மூன்று தடவை குனிந்தாயிற்று. ஆனிச் சாரலில் கேளுங்கள் மயினி, நானே கூட வந்து வாங்கித் தருகிறேன்.