கூலியாளா, மேய்ப்பனா: ஹட்டன் பக்கம் ஒரு சபைத் தலைவர் பயிற்சி

தேயிலைத் தோட்டங்களில் ஜெபக்குழு நடத்துகிறவர்கள், மூப்பர்கள், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் ஆகியோருக்கான இரண்டு நாள் பயிற்சி. சனி காலை 8 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4க்கு முடிகிறது. சாப்பாடு, படுக்கை, போட்டோகொப்பிப் புத்தகம் சேர்த்து 1500 ரூபா. கொடுத்த காசுக்குக் குறையில்லை.

முதல் பாடம் யோவான் 10. ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடுகிறவனைத் தமிழ் வேதாகமம் ‘கூலியாள்’ என்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவருக்கு அந்தச் சொல் எங்கே குத்தும் என்று யோசிக்காமல் பயிற்றுநர் அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறார். கூலி வாங்குவதல்ல, ஆபத்தில் ஆட்டைக் கைவிடுவதே அங்கே குற்றம். இதை நின்று சொல்லவேண்டும். அதற்கான ஆள் அதே புத்தகத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் இருக்கிறார்: புனித யோசப் வாஸ். கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில்தான் அவர் இலங்கைக்குள் வந்தார். 1692இல் கண்டியில் உளவாளி என்று சிறை வைத்தார்கள். 1697இல் அங்கே பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே விட்டு ஓடியபோது, அவர் ஓடவில்லை. பராமரித்தார், இறந்தவர்களைப் புதைத்தார். இரண்டு பாடத்தையும் அடுத்தடுத்து வைத்தால் பாதி விளக்கம் மிச்சம்.

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்யும் பாதம் கழுவும் பகுதி அருமை. 24 பேருக்கு 4 பேசின், ஆளுக்கொரு துவாய். மலைக்குளிரில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் இரண்டு சொட்டோடு சடங்கு முடிந்துவிடும். இங்கே ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு பச்சைத்தண்ணீர் கலந்து, முழங்கையால் சூடு பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள்; ஒவ்வொருவருக்கும் தண்ணீர் மாற்றுகிறார்கள். வெடித்த குதிகாலும் அட்டை கடித்த தழும்பும் கையில் தட்டுப்படும் அளவுக்கு நேரமும் தருகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே சீட்டுக் குலுக்கிச் சோடி சேர்ப்பது கெட்டித்தனம். இஷ்டத்துக்கு விட்டால் சின்னவர்கள்தான் பெரியவர்கள் காலைக் கழுவுவார்கள், பாடம் தலைகீழாகிவிடும்.

விசுவாச உறுதிக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள்: விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று, முடிந்தவை மூன்று. பலர் ஆராதனை நேரத்தையும் மைக் சத்தத்தையும் முதல் கட்டத்தில் எழுதுகிறார்கள். உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் பிடிபடுகிறது. காணிக்கை எண்ணும் பாடம் சுருக்கம்: ஒரே குடும்பத்தில் இல்லாத இருவர் எண்ணி, அந்த இடத்திலேயே கையெழுத்து. போதும்.

பெரிய பிழை நாள் குறிப்பதில். சனிக்கிழமை தேயிலை மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. மாதச் சம்பளக்காரருக்கு அந்த நட்டம் இல்லை. ஆகவே தியாகம் பற்றிய பயிற்சிக்குத் தியாகம் செய்கிறவர் அந்தப் பெண் மட்டும்தான். இரண்டு ஞாயிறு பின்னேரங்களாகப் பிரித்தால் தீரும். அதுவரை, அனுப்புகிற சபை அந்தப் பேர்க்காசையும் பயிற்சிக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டட்டும்.